ஹார்மோன்களின் கதை – 17: 88 ஆண்டுகள் காத்திருந்த கேள்வி

சென்ற இதழை 1935இல் நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டு மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு 100 கிலோ காளை விரைகளை அரைத்து, வடித்து, 10 மில்லிகிராம் படிகத்தை எடுத்தது. டெஸ்டோஸ்டீரோன் என்று அதற்குப் பெயரும் வைத்தது. மூன்று மாதம் கழித்து டான்சிக் நகரில் அடோல்ஃப் பூட்டெனான்ட்டும் சூரிச்சில் லியோபோல்ட் ருசிக்காவும் அதே பொருளைக் கொலஸ்ட்ராலிலிருந்து தயாரித்துவிட்டார்கள். இருவருக்கும் இடையே ஒரு வாரம்தான் வித்தியாசம். இனிக் காளைகள் தேவையில்லை. வேண்டிய அளவு ஆலையிலேயே செய்துகொள்ளலாம். 1939இல் வேதியியல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹிட்லரின் அரசு பூட்டெனான்ட்டை அதை வாங்கவிடவில்லை.

மருந்து கைக்கு வந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு பயன், இதயத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் என்ன ஆபத்து என்ற கேள்விகள் பாக்கி இருந்தன. ஆயிரக்கணக்கான ஆண்களைப் பல மாதங்கள் பின்தொடர்ந்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத பசையும் கொடுத்து, இதயத்தைப் பற்றிய கேள்விக்கு முறையான விடை வெளியானது 2023 ஜூன் மாதத்தில். இடையில் 88 ஆண்டுகள் ஓடியிருந்தன. இத்தனை காலம் எப்படிப் போயிற்று என்பதுதான் இந்த இதழின் கதை.

தொடக்கச் சிக்கல் மருந்தை உடம்பில் நிறுத்திவைப்பதில் இருந்தது. டெஸ்டோஸ்டீரோனை விழுங்கினால், குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய் அங்கேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். அதனால் சிறு வில்லைகளாக அழுத்தித் தோலுக்கடியில் புதைத்துப் பார்த்தார்கள். எண்ணெயில் கரைத்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஊசி போட்டார்கள். மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து, கல்லீரலைத் தாண்டிச் செல்லும் மாத்திரையாகவும் செய்தார்கள். அந்த மெத்தில்டெஸ்டோஸ்டீரோன் மஞ்சள்காமாலையையும் கல்லீரல் கட்டிகளையும் கொண்டுவரக்கூடியது என்பது பிறகுதான் தெரிந்தது. 1950களில் டெஸ்டோஸ்டீரோன் எனந்தேட் வந்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போதும்.

இந்த மருந்தால் வாழ்வு திரும்பியவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும். காயத்தாலோ நோயாலோ விரைகளை இழந்தவர்கள், பிட்யூட்டரியில் கட்டி வந்தவர்கள், பருவம் வந்தும் குரல் உடையாத, மீசை அரும்பாத பையன்கள். பாஸ்டனில் ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942இல் விவரித்த நோய்க்குறியும் இதில் சேரும். அந்த நோய்க்குறி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது 1959இல் தெரிந்தது. இவர்களுக்கு ஊசி போட்டால் சில மாதங்களில் குரல் தடிக்கும், தாடி வளரும், எலும்பு உறுதிப்படும், தசை ஏறும், முகத்தில் தெளிவு வரும். சுரக்க வேண்டியது சுரக்கவில்லை, வெளியிலிருந்து ஈடுகட்டுகிறோம். நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் போடுவது போன்ற நேரான சிகிச்சை இது. இதைப் பற்றி அன்றும் சண்டையில்லை, இன்றும் இல்லை. பின்னால் மூண்ட சண்டைகளின் சத்தத்தில் இவர்கள் மறக்கப்பட்டதுதான் எனக்கு வருத்தம். டெஸ்டோஸ்டீரோன் என்றாலே கிழவரின் ஆசை, பயில்வானின் திருட்டு என்று பேச்சு திரும்பிவிட்டதால், உண்மையிலேயே குறையுள்ள இளைஞன் மருத்துவரிடம் வாய் திறக்கவே கூசுகிறான்.

சண்டை தொடங்கிய இடம் முதுமை. நாற்பதைத் தாண்டினால் ஆண்களின் டெஸ்டோஸ்டீரோன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் இறங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது நடப்பதுபோல ஒரேயடியாக விழுவதில்லை, மெல்லச் சரிகிறது. அப்படிச் சரிவது நோயா, வயதின் இயல்பா? 1944இல் டெட்ராய்ட்டில் கார்ல் ஹெல்லரும் கார்டன் மையர்ஸும் இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டார்கள். அவர்கள் செய்த வேலையை நான் இன்றும் மதிப்போடு பார்க்கிறேன். அப்போது ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோனை அளக்க வழி கிடையாது. ஆனால் விரை ஓய்ந்துபோனால் பிட்யூட்டரி தன் தூண்டு ஹார்மோன்களை அதிகமாகச் சுரந்து விரையை உசுப்பப் பார்க்கும். அந்த ஹார்மோன்கள் சிறுநீரில் வெளிவரும். எலிகளை வைத்து அதை அளந்தார்கள். களைப்பு, எரிச்சல், உடல் சூடேறுதல், ஆண்மைக் குறைவு என்று வந்தவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். தூண்டு ஹார்மோன் எகிறியிருந்தவர்கள் ஒரு பக்கம், அது சாதாரணமாக இருந்தவர்கள் மறுபக்கம். முதல் கூட்டத்தாருக்கு டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டதும் தொல்லைகள் விலகின. இரண்டாம் கூட்டத்தாருக்கு அதே ஊசி பலிக்கவில்லை. சிலருக்கு, அவர்கள் அறியாமல், மருந்தில்லாத வெறும் நல்லெண்ணெயை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் பலிக்கவில்லை.

ஆக, அளந்து பார்த்து, குறை உறுதியானவருக்கு மட்டும் கொடுத்தால் மருந்து வேலை செய்யும், மற்றவருக்குச் செய்யாது. இன்றைய வழிகாட்டு நெறிகளின் சாரம் 1944லேயே அச்சில் இருந்தது. ஆனால் மறு ஆண்டே வேறொரு குரல் ஓங்கியது. கிருமி வேட்டைக்காரர்களைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற பால் டி குரூயிஃப், ஆண் ஹார்மோனைப் பற்றி 1945இல் ஒரு புத்தகம் எழுதினார். தானே அதைச் சாப்பிட்டுவருவதாகவும், நடுவயது ஆண்களின் தளர்ச்சிக்கு இது மருந்து என்றும் சொன்னார். ஹெல்லரும் மையர்ஸும் போட்ட கோடு அந்தப் புத்தகத்தில் மங்கிப்போயிற்று.

அப்படியிருந்தும் அப்போது சந்தை வெடிக்கவில்லை. அதற்குப் பெரிய காரணம் சிகாகோவிலிருந்து வந்த அச்சம். 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலும்பு வரை பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் துடித்துக்கொண்டிருந்த முதியவர்களின் விரைகளை அறுவைசெய்து நீக்கினால் வலி தணிந்தது, படுத்திருந்தவர்களில் பலர் எழுந்து நடமாடினார்கள். புராஸ்டேட் புற்றுநோயை ஹார்மோன் வழியாக அடக்க முடியும் என்று மருத்துவ உலகம் முதன்முதலில் கண்ட அதிசயம் அது. 1966இல் ஹக்கின்ஸுக்கு நோபல் கிடைத்தது; முழுத் தகுதியான பரிசு. அதே கட்டுரையில் இன்னொரு வரியும் இருந்தது. டெஸ்டோஸ்டீரோனை ஊசி மூலம் ஏற்றினால் புற்றுநோய் தூண்டப்படுகிறது என்பது அது. அந்த வரி பாடநூல்களுக்குள் போய் அறுபது ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. டெஸ்டோஸ்டீரோன் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது என்றுதான் தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் படித்தார்கள்.

ஹார்வர்டைச் சேர்ந்த சிறுநீரியல் மருத்துவர் ஏப்ரஹாம் மார்கென்டேலர் ஒருநாள் அந்த மூலக் கட்டுரையையே தேடியெடுத்துப் படித்தார். டெஸ்டோஸ்டீரோன் ஊசி போடப்பட்டவர்கள் மூன்றே பேர். அதில் இருவரின் முடிவுகள் மட்டும் கட்டுரையில் இருந்தன. அந்த இருவரில் ஒருவர் ஏற்கெனவே விரை நீக்கப்பட்டவர். விரை உள்ள ஆணுக்குக் கூடுதல் டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் என்னவாகும் என்பதற்கு ஆதாரமாக நின்றது ஒரே ஒரு மனிதரின் ரத்தப் பரிசோதனை. 2006இல் மார்கென்டேலர் இதை எழுதியபோது பலருக்கும் அதிர்ச்சி. இத்தனை பெரிய தடைச்சுவர் இத்தனை சிறிய கல்லின் மேல் நிற்கும் என்று யாரும் எண்ணவில்லை.

புராஸ்டேட் செல்களிலுள்ள ஏற்பிகள் குறைந்த அளவு டெஸ்டோஸ்டீரோனிலேயே நிரம்பிவிடுகின்றன, அதற்குமேல் எவ்வளவு கூட்டினாலும் செல்லுக்குப் பெரிய மாற்றமில்லை என்பது அவர் முன்வைத்த விளக்கம். அடிமட்டத்துக்கு இறக்கினால் புற்று சுருங்குவதும், நடுமட்டத்திலிருந்து ஏற்றினால் புற்று வளராமலிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்று இதனால் புரிந்தது. 2008இல் 18 தொடர் ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். புராஸ்டேட் புற்று வந்த 3,886 பேர், வராத 6,438 பேர். ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் அதிகமாக இருந்தவருக்குப் புற்றுநோய் அதிகம் வந்ததாகத் தெரியவில்லை. ஹக்கின்ஸ் கண்டது பொய்யில்லை. அதிலிருந்து மற்றவர்கள் நீட்டி எடுத்த முடிவுதான் ஆதாரமற்றது.

அதற்குள் மருந்தின் வடிவம் மாறியிருந்தது, காலமும் மாறியிருந்தது. 1990களில் தோலில் ஒட்டும் பட்டைகள் வந்தன. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆண்ட்ரோஜெல் என்ற பசைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. காலையில் குளித்துவிட்டுத் தோளில் தடவிக்கொண்டால் போதும், ஊசிக்குப் போக வேண்டியதில்லை. அனுமதி கிடைத்தது பிட்யூட்டரி நோய், விரை பாதிப்பு போன்ற தெளிவான காரணங்களுக்கு. விற்பனை ஓடியது வேறு திசையில். அமெரிக்காவில் மருந்து நிறுவனங்கள் தொலைக்காட்சியில் நேரடியாக மக்களிடமே விளம்பரம் செய்யலாம். 'லோ டி' என்ற சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. மந்தமா, எரிச்சலா, சாப்பிட்டதும் கண் சொருகுகிறதா, உங்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் குறைவாக இருக்கலாம், மருத்துவரைக் கேளுங்கள் என்ற பாணியில் விளம்பரங்கள் பேசின.

இத்தகைய வினாப்பட்டியல்களில் பிரபலமானது பத்துக் கேள்விகள் கொண்டது. அதைத் தயாரித்தவர் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் முதியோர் மருத்துவ வல்லுநர் ஜான் மோர்லி. ஆர்கனான் என்ற மருந்து கம்பெனி பல்கலைக்கழகத்துக்கு 40,000 டாலர் நிதி கொடுத்துக் கேட்டது. குளியலறையில் இருபது நிமிடத்தில், கழிப்பறைத் தாளில் எழுதி முடித்ததாக மோர்லியே 2013இல் பத்திரிகைக்குச் சொன்னார். அது அவ்வளவு துல்லியமான கருவியில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று சொல்லாத ஐம்பது வயதுக்காரர் எந்த ஊரிலும் இருக்க மாட்டார். தூக்கம் கெட்டவர், வேலை அழுத்தத்தில் இருப்பவர், மனச்சோர்வு உள்ளவர், எடை கூடியவர் எல்லாருக்கும் பொருந்தும்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் 8 மையங்களில் 40 முதல் 79 வயது வரையான 3,369 ஆண்களை அளந்து பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. டெஸ்டோஸ்டீரோன் குறைவும் அதற்கே உரிய பாலியல் அறிகுறிகள் மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் 2.1 சதவீதம் மட்டுமே. விளம்பரங்களோ கோடிக்கணக்கானவர்களைப் பார்த்துப் பேசின. அமெரிக்காவில் 2010இல் 13 லட்சம் பேருக்கு எழுதப்பட்ட மருந்து 2013இல் 23 லட்சம் பேருக்கு எழுதப்பட்டது. சுமார் நாலில் ஒருவருக்கு முன்கூட்டி ரத்தப் பரிசோதனை செய்ததற்கான தடயமே காப்பீட்டுப் பதிவுகளில் இல்லை. டெட்ராய்ட் மருத்துவர்கள் எலிகளை வைத்து அரும்பாடுபட்டு அளந்த ஒன்றை, ஒரு துளி ரத்தத்தில் அளக்க முடிகிற காலத்தில் அளக்காமலே விட்டார்கள். இந்த வரலாற்றில் என்னால் பொறுக்க முடியாத பக்கம் இதுதான்.

அந்த வேகத்துக்கு முதல் தடை பாஸ்டனில் விழுந்தது. நடக்கச் சிரமப்படும் முதிய ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் பசை கொடுத்தால் கால் வலுப்படுமா என்று ஷலேந்தர் பசினின் குழு சோதித்துக்கொண்டிருந்தது. 209 பேர். பலருக்கும் ஏற்கெனவே நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, இதய நோய். கால் வலுப்பட்டது உண்மை. ஆனால் மருந்து எடுத்த 106 பேரில் 23 பேருக்கு இதயம், ரத்தக்குழாய் தொடர்பான கோளாறுகள் வந்தன. வெறும் பசை தடவிய 103 பேரில் 5 பேருக்குத்தான். சோதனையைப் பாதியில் நிறுத்தி, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். 2013 நவம்பரில் இன்னொரு இடி. முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனைகளின் பதிவேடுகளிலிருந்து, டெஸ்டோஸ்டீரோன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் கூடுதல் என்று ஓர் ஆய்வு சொன்னது. 2014 ஜனவரியில் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு மூன்றாவது எச்சரிக்கை.

ராணுவ வீரர் ஆய்வில் திருத்தங்கள் போட வேண்டிவந்தது. ஆண்களின் பட்டியலில் சுமார் நூறு பெண்கள் கலந்திருந்தது தெரிந்தது. ஆய்வைத் திரும்பப் பெற வேண்டும் என்று டெஸ்டோஸ்டீரோன் ஆதரவு மருத்துவர்கள் கூட்டாகக் குரல் எழுப்பினார்கள். பதிவேடுகளைப் புரட்டிச் செய்யும் ஆய்வுக்கு ஒரு நிரந்தர ஊனம் உண்டு. மருந்து கேட்டு வாங்கியவரும் வாங்காதவரும் தொடக்கத்திலேயே வேறுவேறு மனிதர்கள். உடல்நிலை, வசதி, பழக்கம் எல்லாம் மாறும். அதனால் இந்த ஆய்வுகள் அச்சத்தைக் கிளப்பலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அச்சத்தைக் கிளப்பியதே அன்று பேருதவி. 2014 செப்டம்பரில் கூடிய நிபுணர் குழு, மருந்தை யாருக்குக் கொடுக்கலாம் என்பதை இறுக்க வேண்டும் என்று 20க்கு 1 என்ற கணக்கில் வாக்களித்தது. 2015 மார்ச் 3ஆம் தேதி உணவு மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. வயதாவதால் மட்டும் குறையும் டெஸ்டோஸ்டீரோனுக்கு இந்த மருந்தின் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று உறையில் அச்சிட வேண்டும். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடலாம் என்றும் எழுத வேண்டும். அத்துடன், கம்பெனிகள் தங்கள் செலவில் முறையான சோதனை நடத்திக் காட்ட வேண்டும்.

மருந்து நிறுவனங்கள் தாமாக முன்வந்து இதைச் செய்யவில்லை என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ரோஜெல் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் விற்ற காலம் இருந்தது. அந்தக் காலத்திலும் கேள்வி கேட்கப்படவில்லை. அரசு கட்டளையிட்ட பிறகுதான் கேட்கப்பட்டது.

பயன் எவ்வளவு என்ற கேள்விக்கு அதற்கு முன்பே அரசுப் பணத்தில் விடை தேடத் தொடங்கியிருந்தார்கள். பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சைச் சோதனையை 2002இல் பாதியில் நிறுத்த நேர்ந்த கதையை இத்தொடரில் முன்பே பார்த்தோம். அந்த அதிர்ச்சிக்குப் பின், ஆண்கள் விஷயத்தில் முதலில் பயன் உண்டா என்று பாருங்கள், பிறகு பெரிய சோதனைக்குப் போங்கள் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் ஆலோசனை சொன்னது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்னைடர் தலைமையில் 12 மையங்களில் வேலை தொடங்கியது. 65 வயதைத் தாண்டியவர், டெஸ்டோஸ்டீரோன் டெசிலிட்டருக்கு 275 நானோகிராமுக்குக் கீழ் உள்ளவர், அறிகுறிகளும் உள்ளவர் வேண்டும். 51,085 பேரைச் சலித்ததில் தேறியவர்கள் 790 பேர். ஓராண்டு பசை, முடிவுகள் 2016இலும் 2017இலும் வந்தன.

பாலுறவு நாட்டமும் செயல்பாடும் ஓரளவு கூடின. ஆண்டு இறுதிக்குள் அந்தப் பயனும் கொஞ்சம் தேய்ந்தது. விறைப்புக் குறைவுக்கென்றே உள்ள மாத்திரைகள் தரும் பலன் இதைவிட அதிகம். நடை தூரத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. தீரும் என்று விளம்பரங்கள் அடித்துச் சொன்ன களைப்பு தீரவில்லை. மனநிலை லேசாக மேம்பட்டது. நினைவாற்றலில் துளியும் மாற்றமில்லை. காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தவர்களில் 54 சதவீதத்தினருக்கு ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியது. வெறும் பசைக்காரர்களில் 15 சதவீதத்தினருக்கே ஏறியது. எலும்பின் அடர்த்தி கூடியது. இதயத்தின் ரத்தக்குழாய்களில் மென்படிவு கூடியிருந்தது மட்டும் கவலைக்குரியதாகப் பட்டது. ஆனால் அந்த ஓராண்டில் இரு தரப்பிலும் தலா 7 பேருக்குத்தான் பெரிய இதயச் சிக்கல் வந்தது. இந்த எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல இயலாது.

கடைசியில் 2018இல் தொடங்கியது டிராவர்ஸ் சோதனை. அமெரிக்காவின் 316 மையங்கள். 45 முதல் 80 வயது வரை சுமார் 5,200 ஆண்கள். காலையில் எடுத்த இரண்டு பரிசோதனைகளில் டெஸ்டோஸ்டீரோன் 300க்குக் கீழ், அறிகுறிகள், கூடவே இதய நோய் அல்லது அது வரும் வாய்ப்பு அதிகம். ஆபத்து இருந்தால் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகவே ஆபத்துள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கிளீவ்லேண்ட் கிளினிக்கின் மைக்கேல் லின்காஃப் முதல் ஆசிரியர். பாஸ்டன் சோதனையை நிறுத்தும் நிலைக்கு வந்த அதே பசின் இதிலும் இருந்தார். சராசரியாக 33 மாதம் பின்தொடர்ந்தார்கள். இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து, மருந்துக்காரர்களில் 7.0 சதவீதம், வெறும் பசைக்காரர்களில் 7.3 சதவீதம். மாரடைப்பு கூடவில்லை. தீவிரமான புராஸ்டேட் புற்று ஒரு தரப்பில் 5 பேருக்கு, மறு தரப்பில் 3 பேருக்கு. வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. புராஸ்டேட் புற்று ஏற்கெனவே இருந்தவர்கள் சோதனையில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

முடிவு நற்செய்தியோடு நின்றுவிடவில்லை, கெட்ட செய்தியும் கூடவே இருந்தது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 2.4 சதவீதத்திலிருந்து 3.5 ஆனது. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது 0.5லிருந்து 0.9. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் கூடியது. 2024இல் வெளியான இன்னொரு பகுதி எல்லாரையும் திகைக்க வைத்தது. எலும்பு அடர்த்தி கூடுகிறதே, முறிவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மருந்துக்காரர்களில் 91 பேருக்கு எலும்பு முறிந்தது, மற்றவர்களில் 64 பேருக்கு. தெம்பு வந்ததும் அதிகம் ஓடியாடி விழுந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். இன்னும் யாரும் நிறுவவில்லை. சோதனைக்கே ஒரு பலவீனமும் உண்டு. பங்கேற்றவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் பாதியில் பசையைக் கைவிட்டார்கள். ஆகவே நான் இதை இப்படித்தான் படிக்கிறேன்: குறை உறுதியான ஒருவர், மருத்துவர் கண்காணிப்பில், அளவை இயல்பு எல்லைக்குள் வைத்து இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்தால் மாரடைப்பு பயம் வேண்டாம். பத்தாண்டு, இருபதாண்டு எடுப்பவருக்கும், குறையே இல்லாமல் எடுப்பவருக்கும் இந்தச் சோதனை எந்த உத்தரவாதமும் தரவில்லை.

2021இல் ஆஸ்திரேலியாவில் 1,007 ஆண்களிடம் நடந்த சோதனையையும் சொல்ல வேண்டும். எடை குறைக்கும் திட்டத்தோடு டெஸ்டோஸ்டீரோன் ஊசியும் சேர்ந்தபோது, இரண்டு ஆண்டு முடிவில் நீரிழிவு உள்ளவர்கள் 12 சதவீதம்; ஊசி இல்லாதவர்களில் 21. அதேசமயம் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தம் எல்லை மீறித் தடித்தது. பிறகு டிராவர்ஸில் பார்த்தபோது நீரிழிவைத் தடுக்கும் பலன் தெரியவில்லை. நீரிழிவுக்காக யாரும் இன்று இதை எழுதுவதில்லை, எழுதக் கூடாது.

பிள்ளை பெற விரும்பும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மாடித் தொட்டியில் லாரித் தண்ணீரைக் கொட்டினால் மிதவை மேலே ஏறிக் குழாயை அடைத்துவிடும் அல்லவா, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் வந்தாலும் அதுதான் நடக்கிறது. பிட்யூட்டரி தன் தூண்டுதலை நிறுத்துகிறது, விரை சுரப்பதை நிறுத்துகிறது, விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது. விரை சுருங்கவும் செய்யும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் எனந்தேட்டை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து, பலன் தருகிறது என்று 1990இல் வெளியிட்டது. பெரும்பாலானவர்களின் விந்தணு எண்ணிக்கை பூஜ்யமாயிற்று. ஆண்மை பெருகும் என்று நம்பிப் போடுகிற ஊசி, கருத்தடை ஊசியும்தான். நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். பல மாதங்கள் ஆகும். சிலருக்கு முழுமையாக மீள்வதில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் போடும் அளவோ சிகிச்சை அளவைவிடப் பல மடங்கு. அந்த அளவில் தசை பெருகும் என்று 1996லேயே பசின் சோதித்துக் காட்டினார். அவர் கொடுத்தது வாரம் 600 மில்லிகிராம், அதுவும் 10 வாரம் மட்டும், மருத்துவக் கண்காணிப்பில். ஆண்டுக்கணக்கில் போடுகிறவர்களின் இதயத்தசை தடித்துப் பலவீனமாவதை மருத்துவர்கள் இன்று பார்த்துவருகிறார்கள்.

2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உறையை மீண்டும் திருத்தச் சொன்னது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை நீங்கியது. ரத்த அழுத்தம் கூடும் என்ற எச்சரிக்கை சேர்ந்தது. வயதாவதால் மட்டும் குறைந்தவர்களுக்கு இந்த மருந்து நிறுவப்பட்ட சிகிச்சை அல்ல என்ற வரி அப்படியே இருந்தது. 1944இல் ஹெல்லரும் மையர்ஸும் போட்ட கோடு இன்னும் அழியவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டமும் தெம்பும் குறைகிறது என்று தோன்றினால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள். காலையில், வெறும் வயிற்றில், வேறுவேறு நாளில் இரண்டு முறை ரத்தம் கொடுங்கள். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து ஆயுள் முழுக்கப் போடும் ஊசியைத் தொடங்கவிடாதீர்கள். அளவு குறைவாக இருந்தால் ஏன் குறைந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள்: பிட்யூட்டரியா, விரையா, கூடிப்போன எடையா, தூக்கத்தில் மூச்சடைப்பா. எடை குறைந்தாலே பலருக்கு அளவு ஏறிவிடும். சிகிச்சை தொடங்கினால் ரத்தத்தின் தடிப்பையும் புராஸ்டேட்டையும் சொன்ன தேதியில் சோதியுங்கள். பசை தடவுகிறவர்கள் கையைக் கழுவிவிட்டு, தடவிய இடத்தை மூடிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்; தகப்பன் தோளிலிருந்து பசை ஒட்டிய சிறு குழந்தைகளுக்குப் பருவ அறிகுறிகள் தோன்றியதால்தான் 2009இல் அதற்கும் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது. பிள்ளை வேண்டும் என்றால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். விந்தணுவைக் கெடுக்காத வேறு மருந்துகள் உண்டு. இந்தியாவில் டெஸ்டோஸ்டீரோன் ஷெட்யூல் ஹெச் பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்பது சட்டத்துக்குப் புறம்பானது.

(தொடரும்)